மூலையில் உட்கார்ந்திருந்த காபி கப்

பத்து, பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஸ்க்ரீனோட வலது பக்கம் கீழ் மூலையில ஒரு சின்ன காபி கப். "ஜாவா அப்டேட் தயார்"னு சொல்லும். நம்ம வீட்ல யாருமே தெரிஞ்சு ஜாவாவைத் தொட்டது கிடையாது. "அப்புறம் பாத்துக்கலாம்"னு மூடிடுவோம்.

அந்த 'அப்புறம்' ஒரு தடவை ரொம்ப பெருசா வெடிச்சது.

1995-ல சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டப்போ, வெப் பக்கத்துக்குள்ளேயே சின்னச் சின்ன ப்ரோகிராம் ஓட்டலாம்ங்கிறது பெரிய விஷயம். அதுக்குப் பேரு ஆப்லெட். கொஞ்ச வருஷத்துல ஆப்லெட் மோகம் போயிடுச்சு. ஆனா ப்ரௌசருக்குள்ள ஜாவா ப்ளகின் மட்டும் போகல. யாரும் கூப்பிடாம, கதவைத் திறந்து வெச்சபடி உட்கார்ந்திருந்தது.

2011-ல மேக் கம்ப்யூட்டர்களுக்கு ஃப்ளாஷ்பேக்னு ஒரு வைரஸ் வந்தது. ஃப்ளாஷ் ப்ளேயர் இன்ஸ்டாலர் மாதிரி வேஷம் போட்டதால அந்தப் பேரு. (அப்டேட் பண்ணச் சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கிட்டா, திருடனும் அதே சட்டையைப் போட்டுக்கிட்டுதானே வருவான்!) 2012-ல அது வழியை மாத்திக்கிச்சு. ஜாவாவுல ஒரு ஓட்டை. ஆரக்கிள் பிப்ரவரியிலேயே அதை அடைச்சிடுச்சு. ஆனா மேக்குக்கான ஜாவாவை அப்போ ஆப்பிள்தான் கொடுத்துட்டிருந்தது. அவங்க அப்டேட் ஏப்ரல்லதான் வந்தது. அதுக்குள்ள 6 லட்சத்துக்கும் மேல மேக்குகள் மாட்டிக்கிச்சு. வைரஸ் வெச்ச ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், பாஸ்வேர்டு கொடுக்கக்கூட வேண்டாம்.

ஆப்பிள் அடுத்து செஞ்சதுதான் எனக்குப் பிடிச்ச இடம். 35 நாள் ஜாவா ப்ளகினைப் பயன்படுத்தலேன்னா, அது தானாவே அணைஞ்சிடும். வேணும்னா நீங்களே மறுபடி ஆன் பண்ணிக்கலாம். பயன்படுத்தாத ப்ரோகிராமுக்கு அப்டேட் மட்டும் அனுப்பிட்டு இருக்காம, அதைத் தூங்க வெச்சாங்க.

விண்டோஸ் பக்கம் கதையே வேற. அங்க அப்டேட் பண்ணவங்களும் தப்பிக்கல. ஜாவா அப்டேட் ஆகும்போது கடைசியா இருந்த வெர்ஷனை மட்டும்தான் நீக்கும். அதுக்கும் முந்தினதெல்லாம் அப்படியே கிடக்கும். புதுப் பூட்டு வாங்கி முன்வாசல்ல போட்டாச்சு, பின்னாடி பழைய கதவுகள் எல்லாம் திறந்தே இருக்குன்னு வெச்சுக்கோங்க. அமெரிக்காவோட ஃபெடரல் ட்ரேட் கமிஷன் இதைப் பிடிச்சது. "அப்டேட் பண்ணா பாதுகாப்பு"ன்னு மக்களை ஏமாத்தினதா ஆரக்கிள் மேல புகார். அப்போ 85 கோடிக்கும் மேல கம்ப்யூட்டர்கள்ல ஜாவா இருந்தது! 2015 டிசம்பர்ல சமரசத்துக்கு வந்தாங்க: இனிமே அப்டேட் நேரத்துல, பழைய வெர்ஷன் இருந்தா சொல்லணும், ஆபத்தை விளக்கணும், நீக்க வழியும் கொடுக்கணும்.

அடுத்து ஃப்ளாஷ். 2020 டிசம்பர் 31-ஓட அடோபி ஆதரவை நிறுத்திடுச்சு. "எல்லாரும் அழிச்சிடுங்க"ன்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. 2021 ஜனவரி 12-லேர்ந்து ப்ளேயருக்குள்ள எதுவும் ஓடவும் விடல. மைக்ரோசாஃப்ட் ஒரு விண்டோஸ் அப்டேட்டே விட்டது, ஃப்ளாஷை நீக்குறது மட்டும்தான் அதோட வேலை. ஒரு தடவை போட்டா திரும்ப எடுக்க முடியாது. ஆனா அதுவும் விண்டோஸோட சேர்ந்து வந்த ஃப்ளாஷை மட்டும்தான் தூக்கும். நீங்களா எப்பவோ டவுன்லோட் பண்ணிப் போட்டது அங்கேயேதான் இருக்கும்.