சென்னைச் சதுரங்கமும் குடும்பத்தின் கணக்கும்

1961இல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானதும், 1972இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகயீல் தால் பெயரால் சதுரங்க மன்றம் தொடங்கப்பெற்றதும் அந்நகரில் இவ்வாட்டம் வேரூன்ற வழிவகுத்தன. தாயிடம் ஆட்டம் கற்று அம்மன்றத்தில் பழகிய விசுவநாதன் ஆனந்த், 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானவர். எனினும் லயோலா கல்லூரியில் வணிகவியல் பயின்று பட்டமும் பெற்றார்.

பின்வந்த தலைமுறைக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்திற்கு 2500 தரப்புள்ளிகளோடு, வலுவான போட்டிகளில் குறித்த அளவு திறன் காட்டியமைக்கான ‘நார்ம்’ என்னும் தகுதிச் சான்றுகளும் பொதுவாக மூன்று வேண்டும். அத்தகைய போட்டிகள் பெரிதும் ஐரோப்பாவில் நடந்தமையால், சிறுவனோடு பெற்றோரில் ஒருவரும் நாடு நாடாக அலைய நேர்ந்தது. அத்தலைமுறையைச் சேர்ந்த சென்னை வீரர் குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளிக்குச் செல்லவில்லை. மருத்துவரான தந்தை தம் தொழிலை நிறுத்திவிட்டு உடன் பயணம் செய்ய, நுண்ணுயிரியலாளரான தாயின் வருவாயும் நண்பர்களின் உதவியுமே குடும்பத்தைத் தாங்கின. 2019இல், 12ஆம் வயதில், அவர் கிராண்ட்மாஸ்டரானார். 2024இல், 18ஆம் வயதில், உலக வாகையரானார்.

இவ்வெற்றியைச் சான்றாகக் காட்டி, இத்தகைய ஈகம் எல்லாக் குடும்பத்திற்கும் தகுமென வாதிடுவோர் (பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள் வேறென்ன சொல்லும்!) தோற்றவர்களைக் கணக்கில் கொள்வதில்லை. மருத்துவக் குடும்பமே நண்பர்களின் உதவியை நாடிய பாதையில், மாதச் சம்பளக் குடும்பம் இறங்குவது பெரும் துணிச்சல். தமிழ்நாடு அரசின் 5 கோடி ரூபாய்ப் பரிசும் உலகப் பட்டம் வென்ற பின்னரே வந்தது.