கூட்டலும் கழித்தலும்: 1911 கட்டுரையில் ஆல்பா சிதறலின் காரணம்

மெல்லிய தங்கத் தகட்டில் செலுத்தப்படும் ஆல்பா துகள்கள் ஏன் சிதறுகின்றன? பாடநூல்களும் பெரும்பாலான வரலாற்று நூல்களும் ஒரே விடையைத்தான் தருகின்றன. ஆல்பா துகள் நேர்மின்னூட்டம் கொண்டது. அணுவின் மையமும் அப்படியே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். ஆகவே சில துகள்கள் வந்த வழியே திரும்பின. இயற்பியலாக இதில் பிழையில்லை. ஆனால் 1911 மே மாத ஃபிலசாஃபிக்கல் மேகசின் இதழில் ரதர்ஃபோர்டு நிறுவிக்காட்டியது இதைத்தான் என்று சொல்லும்போது பிழை நுழைந்துவிடுகிறது. அந்தக் கட்டுரையை அவ்வாறு வாசிக்கும் மரபு நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. அது கட்டுரையின் உண்மையான வாதத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது என்பது என் கருத்து.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ஆல்பா, பீட்டா ஆகிய இருவகைத் துகள்களையும் பொருள்கள் சிதறடிப்பது பற்றியும் அணுவின் அமைப்பு பற்றியும் பேசுவதாகத் தலைப்பு அறிவிக்கிறது. பின்னால் வந்த மறுகூறல்களில் பீட்டா உதிர்ந்துபோயிற்று. இதைச் சிறிய இழப்பு என்று நான் கருதவில்லை. பீட்டா துகள் எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின்னூட்ட மையம் ஆல்பாவை விலக்கும் என்றால், பீட்டாவை ஈர்க்கும். இரண்டுக்கும் ஒரே கோட்பாட்டை ஒருவர் முன்வைக்கிறார் என்றால், அவர் சிதறலுக்குச் சொல்லும் காரணம் விலக்கலாக இருக்க முடியாது.

கட்டுரையின் உள்ளே போனால் ஐயத்துக்கு இடமே குறைகிறது. அணுவின் மாதிரியை வரையறுக்கும் இடத்தில் மைய மின்னூட்டத்தின் முன்னால் ± குறி அச்சாகியிருக்கிறது. சூழ்ந்திருக்கும் கோளத்தின் மின்னூட்டத்துக்கு அதன் மறுதலைக் குறி. கணக்குக்கு வசதியாக மையத்தை நேர்மின்னூட்டமாக வைத்துக்கொள்வதாக ஆசிரியரே சொல்கிறார். கோட்பாட்டிலிருந்து அதுவரை பெற்ற முடிவுகள் எவையும் மையத்தின் குறியைச் சார்ந்தவை அல்ல, குறியைத் தீர்மானிக்கும் சான்றும் கிட்டவில்லை என்று கட்டுரையின் பிற்பகுதியில் மறுபடியும் தெளிவுபடுத்துகிறார். ‘அணுக்கரு’ என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லும் அதில் இல்லை. மைய மின்னூட்டம் என்றே எங்கும் வருகிறது. அச்சுக்கு முன், 1911 பிப்ரவரியில், இயற்பியலாளர் பிராகுக்கு எழுதிய கடிதத்தில் மையம் எதிர்மின்னூட்டம் கொண்டதாக இருக்கலாம் என்று எண்ணத் தொடங்கியிருப்பதாகவே ரதர்ஃபோர்டு குறிப்பிடுகிறார். பீட்டா கதிர்கள் உட்கவரப்படும் முறை அவரை அந்தப் பக்கம் இழுத்தது. அந்த மனநிலையில் இருந்த ஒருவர் மூன்றே மாதத்தில் நேர்மின்னூட்ட மையத்தைக் ‘கண்டுபிடித்ததாக’ எழுதுவது பொருந்தவில்லை.

ஈர்ப்பு ஒரு துகளை எப்படித் திருப்பி அனுப்பும் என்று வியப்பவர்கள் வால்வெள்ளியை நினைத்துக்கொள்ளலாம். சூரியனை நோக்கி விரைந்து வரும் வால்வெள்ளியை விலக்குவது எதுவும் இல்லை. ஈர்ப்பே அதைச் சூரியனைச் சுற்றி வளைத்து, வந்த திசைக்கே அனுப்பிவைக்கிறது. தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் விசை எதுவானாலும் துகளின் பாதை அதிபரவளையமாகும். விலக்கும் விசையானால் மையம் வளைவின் வெளிப்புறக் குவியத்தில் நிற்கும். ஈர்க்கும் விசையானால் உட்புறக் குவியத்தில். மையத்திலிருந்து எவ்வளவு விலகிய நேர்கோட்டில் துகள் வந்தது என்பதும் வேகமும் ஒன்றாக இருந்தால், திரும்பும் கோணம் இரண்டிலும் ஒன்றே. தகட்டுக்கு அப்பால் துத்தநாக சல்பைடு திரையில் பளிச்சிடும் ஒளிப்பொறி, துகள் எந்தப் பக்கமாக வளைந்து வந்தது என்று சொல்வதில்லை.

அப்படியானால் கட்டுரை நிறுவியதுதான் என்ன? ஒற்றைச் சிதறல். பெரிய கோணத்தில் திரும்பிய துகள் ஒரே ஓர் அணுவோடு நிகழ்ந்த ஒரே சந்திப்பில் திரும்பியது என்பதே அதன் மையக் கூற்று. இதை எதிர்த்து நின்றது 1910-இல் ஜே. ஜே. தாம்சன் முன்வைத்த கூட்டுச் சிதறல் கோட்பாடு. அதன்படி ஒவ்வோர் அணுவும் துகளைச் சிறிதளவே விலகச் செய்கிறது; பல அணுக்களின் சிறு விலகல்கள் சேர்ந்து பெரிய கோணமாகின்றன. இரண்டில் எது சரி என்று முடிவு செய்ய ரதர்ஃபோர்டு எடுத்துக்கொண்டவை ஒரே தகட்டைப் பற்றிய இரண்டு எண்கள். சுமார் 0.00004 செ.மீ. தடிமனுள்ள தங்கத் தகட்டில் ஏறத்தாழ 20,000-க்கு ஒரு துகள் சராசரி 90° கோணத்தில் திரும்பியது. இது 1909-இல் கைகரும் மார்ஸ்டனும் பெற்ற முடிவு. அதே தடிமனுள்ள தகட்டைக் கடக்கும் துகள்களின் மிக நிகழ்தகவுள்ள விலகல் 0.87° மட்டுமே என்று கைகர் பின்னர் அளந்தார்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 90 என்பது 0.87-ஐப் போல் நூறு மடங்குக்கும் மேல். சிறு விலகல்கள் தற்செயலாகக் கூடுகின்றன, அவற்றின் பரவல் வழக்கமான பிழைவிதியை ஒத்தது என்று கொண்டால், 90°-க்கு மேல் விலகும் வாய்ப்பு, 1-க்குப் பின் 2300-க்கும் அதிகமான சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒன்று என என் கணக்கில் வருகிறது. கண்டதோ 20,000-இல் ஒன்று. இந்த இடைவெளியை எந்தத் திருத்தமும் நிரப்பாது. பெரிய கோணம் சிறு கோணங்களின் கூட்டுத்தொகை அல்ல. அது வேறொரு நிகழ்ச்சி. ஒரே சந்திப்பு அத்தனை வலிமையாக இருக்க வேண்டுமென்றால் மின்னூட்டம் மிகச் சிறிய இடத்தில் செறிந்திருக்க வேண்டும். தங்கத்துக்கு மைய மின்னூட்டம் எலக்ட்ரானைப் போல் 100 மடங்கு என்று கொண்டு, நேருக்கு நேர் வரும் துகள் நெருங்கும் தொலைவை 3.4 × 10⁻¹² செ.மீ. என்று கட்டுரை கணக்கிடுகிறது. துகள் வரும் நேர்கோடு மையத்திலிருந்து இத்தொலைவைப் போல் பத்து மடங்கு விலகியிருந்தால் விலகல் 5.7°, ஒரு மடங்கு என்றால் 53°, அரை மடங்கு என்றால் 90°. அணுவின் ஆரமோ 10⁻⁸ செ.மீ. அளவினது. பெரும்பாலான துகள்கள் ஏறக்குறைய நேராகவே போனதற்கும் மிகச் சில முற்றிலும் திரும்பியதற்கும் இந்த ஒரே கணக்கு விடை தருகிறது.

காலவரிசையும் இதற்குத் துணை நிற்கிறது. தடித்த பிளாட்டினத்திலிருந்து சுமார் 8000-க்கு ஒன்று திரும்புவதாக 1909-லேயே அச்சில் வந்துவிட்டது. துகள் திரும்பியதே போதுமான சான்று என்றால், அணு மாதிரி ஏன் 1911 வரை காத்திருந்தது? இடையில் வந்தவை தாம்சனின் கோட்பாடு, அதைப் பீட்டா துகள்களைக் கொண்டு சோதித்த க்ரௌதரின் அளவீடுகள், கைகரின் 0.87°. பெரிய கோணத்துக்கு, எதிரே நிறுத்திப் பார்க்க ஒரு சிறிய கோணம் வேண்டியிருந்தது. டிஷ்யூ தாளில் பட்டுத் திரும்பிய 15 அங்குலப் பீரங்கிக் குண்டு என்ற புகழ்பெற்ற உவமை 1936-இல் கேம்பிரிட்ஜில் ரதர்ஃபோர்டு ஆற்றிய உரையில் வருவது. அவர் மறைவுக்குப் பின் 1938-இல் நூலாயிற்று. கால் நூற்றாண்டு கழித்துச் சொன்ன நினைவைக் கொண்டு 1911-இன் வாதத்தை வாசிப்பது முறையாகாது.

மையம் கனமானது, எலக்ட்ரான் இலேசானது. எனவே கனமான மையம் நேர்மின்னூட்டம் கொண்டதாகத்தான் இருக்க வேண்டும் என்ற மறுப்பு எழலாம். நியாயமான ஊகம்தான். ஆனால் அது சிதறல் தரவிலிருந்து வந்ததல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது. ரதர்ஃபோர்டுக்கும் அது தெரியும். தெரிந்தும் ± என்றே எழுதினார். மையம் நேர்மின்னூட்டமானால் கதிரியக்க அணுக்களிலிருந்து ஆல்பா துகள்கள் பெருவேகத்தில் வெளிப்படுவதை விளக்கலாம் என்று அவர் கட்டுரையில் சொல்கிறார்தான். அங்கும் ‘ஆனால்’ என்ற நிபந்தனையை அவர் கைவிடவில்லை. சூழ்ந்துள்ள எதிர்க்குறி மின்னூட்டம் விசையின் விதியையே மாற்றிவிடுமே என்ற மறுப்புக்கு அதிக இடம் தேவையில்லை. 10⁻¹² செ.மீ. அருகே நிகழும் சந்திப்பில் 10⁻⁸ செ.மீ. அளவில் பரவியிருக்கும் மின்னூட்டத்துக்குப் பங்கு அற்பம்.

1913-இல் கைகரும் மார்ஸ்டனும் சோதித்த நான்கு சார்புகளிலும் குறி இல்லை. கோணத்தின் பாதியின் சைன் மதிப்பு நான்காம் அடுக்கில் வருகிறது, வேகமும் நான்காம் அடுக்கில். தகட்டின் தடிமன் முதல் அடுக்கில். மைய மின்னூட்டம் இருமடியில். இருமடியாக்கினால் குறி மறைந்துவிடும். தங்கத்துக்கான அவர்களது அட்டவணையில் 150°-இல் 33.1 ஆக இருக்கும் ஒளிப்பொறிகள் 15°-இல் 1,32,000 ஆகின்றன. எண்ணிக்கையைக் கோட்பாட்டு மதிப்பால் வகுத்த ஈவு மாறாதிருக்க வேண்டும். அது 150°-இல் 28.8, 15°-இல் 38.4. கோணம் குறையக் குறைய ஈவு சற்றே கூடுவதை அவர்களே ஒளிக்காமல் எழுதி, கருவியின் சிறு சமச்சீரின்மை போன்றவற்றின் விளைவாக இருக்கலாம் என்றார்கள். கூட்டுச் சிதறலின் எச்சம் அதில் கலந்திருக்கக்கூடும் என்பது என் ஐயம். உறுதியாகச் சொல்லத் துணியவில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபடும் எண்ணிக்கைகளுக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு விலகலைக் காட்டி விதி உறுதிப்படவில்லை என்று வாதிடுவதை ஏற்பதற்கில்லை.

ஆகவே 1911 கட்டுரையின்படி ஆல்பா துகள்கள் சிதறுவது, அணுவின் மின்னூட்டம் ஒரே சந்திப்பில் அவற்றைத் திருப்பிவிடும் அளவுக்குச் செறிந்திருப்பதால். விலக்கலா ஈர்ப்பா என்ற கேள்வியை அது திறந்தே விட்டது. இக்கட்டுரையைத் தமிழில் பெயர்ப்பவர்களும் பாடநூலில் சுருக்கி எழுதுபவர்களும் மைய மின்னூட்டத்தின் முன்னால் நிற்கும் அந்த ± குறியை நீக்கிவிட வேண்டாம்.