"மணி என்ன சார் ஆச்சு?" - ஒரு கைக்கடிகாரத்தின் நூறாண்டு வரலாறு



போன வருசம் என் ஓபிக்கு ஒரு டெய்லர் வந்தார். வயசு ஐம்பதுக்கு மேல. கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய். கண் டாக்டர் ஏற்கனவே சொல்லிட்டார், போன பார்வை திரும்பாதுன்னு. என்கிட்ட வந்தது சுகருக்கு.

உட்கார்ந்திருந்த பத்து நிமிசத்துல மூணு தடவை கேட்டார்: "மணி என்ன சார் ஆச்சு?"

மகனுக்கு எரிச்சல். "வீட்லயும் இதேதான் சார். அடுப்புப் பக்கம் விடுறதில்ல, வெளிய விடுறதில்ல, நாங்களே எல்லாம் பாத்துக்குறோம். இவருக்கு மணி எதுக்கு?"

நல்ல பையன்தான். அப்பாவை ராஜா மாதிரி வச்சிருக்கான். ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. அன்னைக்கு ராத்திரி தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல பாரிஸ் போவோம். 1260 வாக்குல பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி பார்வையற்றோருக்காக ஒரு இல்லம் கட்டினார். பேரு கேன்ஸ் வான். அப்படின்னா "பதினைந்து இருபதுகள்". 15 x 20 = 300 பேருக்கு இடம்! (அந்தக் காலத்துல அவங்க இருபது இருபதா எண்ணுவாங்க.) சிலுவைப் போரில் கண் பிடுங்கப்பட்ட வீரர்களுக்காகக் கட்டினார்னு ஒரு கதை உண்டு. அது வெறும் கதைதான், நம்ப வேண்டாம்.

கூரை கிடைச்சது, கூட்டு வாழ்க்கை கிடைச்சது. ஆனா தொழில்? தெருவில் போய் பிச்சை எடுக்கணும். அரசரோட சின்னத்தை உடுப்பில் குத்திக்கிட்டு, அரசு அனுமதியோட பிச்சை! இன்னைக்கும் அந்த இல்லம் பாரிஸில் பெரிய கண் மருத்துவமனையா இருக்கு.

அப்படியே 1915 லண்டனுக்கு வாங்க. முதல் உலகப் போர். குண்டுச் சிதறலில் கண் போன இருபது வயசுப் பசங்க ஆஸ்பத்திரி வார்டுகளில் படுத்திருக்காங்க.

அவங்களைத் தேடி வந்தவர் ஆர்தர் பியர்சன். டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையைத் தொடங்கிய முதலாளி. அவருக்கும் பார்வை இல்லை. காரணம்? அதே கிளாக்கோமா.

ரீஜன்ட்ஸ் பூங்காவில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற மாளிகையில் பயிற்சி இல்லம் நடத்தினார். அங்க வந்து சேரும் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பிரெயில் கைக்கடிகாரம். மூடியைத் திறந்து முள்ளை விரலால் தடவி மணி பார்க்கலாம்.

ஏன் கடிகாரம்? நானா யோசிச்சுப் பார்க்கிறேன். கண் போனவன் ஒரு நாளில் நூறு விசயத்துக்கு அடுத்தவனைக் கேக்கணும். அதில் ஒண்ணை முதல் நாளே குறைச்சாச்சு.

அப்புறம் பிரெயில், டைப்ரைட்டிங், டெலிபோன் இணைப்பு வேலை, மசாஜ் சிகிச்சை, கோழி வளர்ப்பு. பயிற்சி முடிஞ்சா? அங்கேயே தங்க முடியாது. வீட்டுக்குப் போகணும், தொழில் பண்ணணும். கடை வைக்க, பண்ணை வைக்க இல்லம் கூட நிக்கும். தேவைப்பட்டா பின்னாடி வந்தும் உதவும். பாரிஸுக்கும் லண்டனுக்கும் இருக்கிற வித்தியாசம் இங்கதான்.

இதுலயும் ஒரு குறை. தனியா நடக்க சரியான முறை அப்போ கிடையாது. அது வந்தது 1944ல், அமெரிக்காவில். ரிச்சர்ட் ஹூவர்னு ஒரு ராணுவ சார்ஜன்ட், வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் நீளமான, எடை குறைஞ்ச கோலைக் கொண்டு வந்தார். நெஞ்செலும்பு உயரம். வலது கால் முன்னாடி போகும்போது கோல் இடது பக்கம் தட்டணும். அதாவது அடுத்த கால் வைக்கப்போற இடத்தை முன்னாடியே சோதிக்கணும். அவ்ளோதான் சூத்திரம்! ஹூவர் பின்னாளில் மருத்துவம் படிச்சு கண் டாக்டரே ஆயிட்டார்.

சரி, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. நியூசிலாந்துக்காரர் க்ளூத்தா மெக்கன்சி. 1915ல் கல்லிபோலி போரில் பார்வை இழந்து, பியர்சனிடம் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் கண் இழந்த இந்திய வீரர்களுக்காக 1943ல் டேராடூனில் தொடங்கிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தை நடத்தியது இவர்தான். 1950ல் அது வயதுவந்த பார்வையற்றோர் பயிற்சி மையமாகி, இன்னைக்கு தேசிய நிறுவனமா வளர்ந்திருக்கு. அதோட மண்டல மையம் நம்ம சென்னைப் பக்கம் பூந்தமல்லியில் இருக்கு.

உண்மையைச் சொல்றேன். ஹவுஸ் சர்ஜன் காலத்திலிருந்து எத்தனையோ பேருக்கு சர்டிபிகேட் பத்தி சொல்லி அனுப்பியிருக்கேன். 40 சதவீதம் இருந்தா என்ன கிடைக்கும்னு மனப்பாடமா தெரியும். கோல் பிடிச்சு நடக்க எங்க சொல்லித் தருவாங்கன்னு ஒருத்தருக்கும் சொன்னதில்ல. எனக்கே தெரியாது.

அடுத்த ரிவ்யூவில் மகன்கிட்ட பூந்தமல்லி பத்தி சொன்னேன். "தனியா நடந்து விழுந்துட்டா சார்?" என்றான். நியாயமான பயம். பதில் நான் சொல்றதுக்குள்ள அப்பா சொன்னார்: "விழுந்தா எந்திரிக்கிறேன்டா."

ரெண்டு மாசம் முன்ன வந்தார். கையில் கோல், மணிக்கட்டில் பேசுற வாட்ச். மகன் ரெண்டடி பின்னாடி, கையைப் பிடிக்காம, பிடிக்கவும் முடியாம தவிச்சுக்கிட்டு வந்தான்.

பட்டனை அமுக்கினார். வாட்ச் மணி சொல்லுச்சு.

"சார், ஓபிக்கு நீங்க இருபது நிமிசம் லேட்."