கோடு விழுந்தால் பொய்யா?

கிளிநொச்சியில் ரியூப் லைற் வெளிச்சத்தில் ஓர் அம்மாவின் சாட்சியத்தைப் பதிவுசெய்தோம். படம் முழுக்கக் கிடைக்கோடுகள். கமரா பழுது எண்டுதான் நினைச்சோம். காரணம் வேறு: 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு செக்கனுக்கு 100 தடவை மங்கி எரியும்; சென்சரோ படத்தை வரிவரியாக வாசிக்கும். ஷட்டரை 1/50க்கு மாற்றினோம், கோடு போச்சு.

கைகள் கட்டப்பட்டவர்களைச் சுடும் வீடியோவை 2009 ஓகஸ்ட் 25 அன்று சனல் 4 காட்டியது. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்தார். போர் மே மாதமே முடிந்திருக்க, கோப்பில் இருந்த திகதி யூலை 17. அதற்கும் கடைசி 17 பிரேம்களுக்கும் விளக்கம் கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல், வீடியோ உண்மையானது என்பதையே சான்றுகள் வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரி 7 இல் அறிவித்தார்.

காரணம் விளங்காத பிழை பொய்க்கு அத்தாட்சி இல்லை. அம்மாவின் கோடு விழுந்த பதிவையும் நாங்கள் அழிக்கவில்லை.