பச்சை முயலும் ஒரு பெயரும்

ஜாக்ஸன் ஒரு முயல். பச்சை நிறம், ஆள் உயரம், சிவப்பு உடை, கையில் துப்பாக்கி. 1978 பிப்ரவரி தேதியிட்ட மார்வெல் ஸ்டார் வார்ஸ் காமிக்ஸ் 8வது இதழில் அறிமுகம். ஹான் சோலோவோடு கூட்டு சேர்ந்து ஒரு கிராமத்தைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றக் கிளம்புவான். குரோசாவாவின் 'செவன் சாமுராய்' கதைதான், விண்வெளியில் நடக்கிறது, கூட ஒரு முயல். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜார்ஜ் லூகாசுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. ராய் தாமஸ் 10வது இதழோடு எழுதுவதை விட்டு விலகிவிட்டார். இன்றுவரை டை-இன் காமிக்ஸ் (அதாவது ஒரு படத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் காமிக்ஸ்) எவ்வளவு அபத்தமாகப் போகும் என்று காட்ட எல்லோரும் இந்த முயலின் காதைத்தான் பிடிக்கிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் மக்களே. ஏழடிக்கு மேல் உயரமாக, உடம்பெல்லாம் ரோமத்தோடு, உறுமிக்கொண்டே விண்கலம் ஓட்டும் ச்யூபாக்காவை நம்புகிறோம். அந்த மதுக்கடையில் சுத்தியல் தலையோடு உட்கார்ந்திருக்கும் ஜீவனை நம்புகிறோம். முயல் மட்டும் என்ன பாவம் செய்தது? உயிரியல்படி பார்த்தால் மூன்றுமே ஒரே அளவு டுபாக்கூர்தான். ஆனால் ச்யூபாக்கா நமக்கு வேறெதையும் ஞாபகப்படுத்துவதில்லை. ஜாக்ஸனைப் பார்த்ததும் பக்ஸ் பன்னி ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கேதான் நம்பகத்தன்மை அடி வாங்குகிறது. விஞ்ஞானம் தப்பானால் வாசகன் மன்னித்துவிடுவான், வேறு வீட்டு விருந்தாளி உள்ளே வந்தால் முகம் சுளிப்பான்.

நம்பகத்தன்மை இப்படி. தொடர்ச்சி என்பது வேறு மேட்டர், அதுதான் நிஜமான தலைவலி.

முதல் இதழ் கடைக்கு வந்தது 1977 ஏப்ரலில். படம் ரிலீஸ் ஆனது மே 25. அதாவது காமிக்ஸ் முந்திக்கொண்டது. ராய் தாமஸும் ஓவியர் ஹோவர்ட் சேக்கினும் கையில் திரைக்கதையையும் கொஞ்சம் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். விளைவு என்ன? படத்தில் வெட்டப்பட்ட லூக் - பிக்ஸ் காட்சிகள் காமிக்ஸில் இருக்கின்றன. படத்தில் வெட்டப்பட்ட ஜப்பாவும் காமிக்ஸில் இருக்கிறார். எப்படி? ஒல்லியாக, இரண்டு காலில் நடந்துகொண்டு, மீசை மாதிரி ஏதோ ஒன்றோடு! 1983ல் 'ரிடர்ன் ஆஃப் தி ஜெடை' வந்தபோது ஜப்பா ஒரு பிரம்மாண்ட நத்தைப்புழு. அதற்குள் பழைய ஒல்லி ஜப்பா காமிக்ஸில் சில தடவை தலைகாட்டியாயிற்று. பின்னால் வந்தவர்கள் ஒரு பேட்ச் போட்டார்கள்: அந்த ஒல்லி ஆள் ஜப்பாவே இல்லையாம், ஜப்பாவின் கணக்குப்பிள்ளையாம். பெயர் மோசெப். எனக்கு மிகவும் பிடித்த பக் ஃபிக்ஸ் இது :-)

நம்ம தொழில் பாஷையில் சொன்னால் நிலைமை இதுதான். க்ளையண்ட் அடுத்த வெர்ஷனை பூட்டி வைத்திருக்கிறான். அதில் என்ன வரும் என்று சொல்ல மாட்டான். ஆனால் அதன் மேலே உட்காருகிற மாதிரி நீங்கள் மாசா மாசம் டெலிவரி கொடுத்தாக வேண்டும். எதைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்வான், ஏன் என்று சொல்ல மாட்டான்.

இதற்கு நல்ல உதாரணம் 1981ல் நடந்தது. எழுத்தாளர் டேவிட் மிஷெலினியும் ஓவியர் வால்ட் சைமன்சனும் இரண்டாவது டெத் ஸ்டார் ஒன்றைக் கட்டலாம் என்று கதை பண்ணினார்கள். பேரரசு சும்மா இருக்குமா, ஒன்று வெடித்தால் இன்னொன்று கட்டுவார்கள்தானே? ரொம்ப நியாயமான யோசனை. லூகாஸ்ஃபிலிம் கூடாது என்றது. காரணம் இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது: மூன்றாவது படத்திலேயே இரண்டாவது டெத் ஸ்டார் இருந்தது! இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோளத்தைக் கழற்றிவிட்டு பீரங்கியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 51, 52வது இதழ்களில் 'தி டார்க்கின்' என்ற பெயரில் அது வந்தது. நியாயமாக யோசிக்கிறவன் எவனும் மூலக்கதைக்காரனோடு முட்டிக்கொள்ளத்தான் செய்வான், ஏனென்றால் அவனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பான். நம்பகத்தன்மை கூடினால் தொடர்ச்சி ஆபத்தில் விழும் என்பது இந்தப் பிழைப்பின் வினோதம்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வாலன்ஸ் பற்றி.

ராய் தாமஸுக்குப் பிறகு ஆர்ச்சி குட்வின் எழுத வந்தார். அவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். லூக்கைக் கொல்ல முடியாது. லேயாவைக் கல்யாணம் பண்ணி வைக்க முடியாது. ஹான் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது. லூக்கும் டார்த் வேடரும் (நம்ம ஊர் வேடரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) நேருக்கு நேர் மோத முடியாது, அது படத்துக்காக ஒதுக்கி வைத்த சமாச்சாரம். முக்கிய பாத்திரங்கள் எல்லோரும் ஷோகேஸ் பொம்மைகள். எடுத்து விளையாடலாம், உடைக்கக்கூடாது.

ஆகவே குட்வின் உடைக்கக்கூடிய ஒரு ஆளைச் சொந்தமாகப் பண்ணினார். 1978ல் 16வது இதழில் வருகிறான் பெய்லர்ட் வாலன்ஸ். முன்னாள் ஸ்டார்ம்ட்ரூப்பர். போரில் அடிபட்டு, பாதி உடம்பு இயந்திரமாகப் பொருத்தப்பட்டவன். இப்போது கூலிக்கு ஆள் பிடிப்பவன். அவனுக்கு ரோபோக்களைக் கண்டால் ஆகாது, பார்த்த இடத்தில் நொறுக்குவான். காரணம் அவனே பாதி ரோபோ என்பதுதான். டெத் ஸ்டாரை உடைத்த பையன் ரோபோக்களைச் சிநேகிதர்கள் மாதிரி நடத்துகிறான் என்று கேள்விப்பட்டு வெறியோடு தேடுகிறான். 27வது இதழில் லூக்கைக் கண்டுபிடித்தும் விடுகிறான். சுடப் போகும்போது சி-3பிஓ குறுக்கே வந்து நிற்கிறது. ஒரு ரோபோ, மனிதனுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக நிற்கிறது. வாலன்ஸ் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு போய்விடுகிறான்.

இரண்டு இதழ் தாண்டி 29, நவம்பர் 1979. டெத் ஸ்டாரை உடைத்தவன் யார் என்று வேடருக்குத் தெரியாது. பெயர் தெரிந்த ஒருவன், புரட்சிப் படையிலிருந்து ஓடிப்போனவன், ஒரு பாழடைந்த இடத்தில் ஒளிந்திருக்கிறான். வேடர் அவனைத் தேடி வருகிறார். அந்தப் பெயர் அவருக்குக் கிடைக்கக்கூடாது என்று வாலன்ஸ் வழியில் நிற்கிறான். பாதி இயந்திர மனிதன் ஒருவனும் இன்னொரு பாதி இயந்திர மனிதரும் மோதுகிறார்கள். முடிவு தெரிந்ததுதான், வாலன்ஸ் சாகிறான். ஓடிப்போனவனும் உயிரோடு பிடிபடவில்லை. வேடர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

இதில் என்ன விசேஷம்? "லூக் யார் என்று வேடருக்கு இப்போதைக்குத் தெரியக்கூடாது" என்பது நிர்வாக ரீதியான ஒரு கட்டுப்பாடு. குட்வின் அந்தக் கட்டுப்பாட்டையே கதையாக்கிவிட்டார். தொடர்ச்சியைக் காப்பாற்ற ஒருத்தன் உயிரையே கொடுக்கிறான்! வியாசர் விட்ட இடைவெளியில் அல்லி அரசாணி மாலை நுழைந்த மாதிரி, சும்மா கிடந்த இடைவெளியில் ஒரு முழு வாழ்க்கையைச் சொருகிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. குட்வின் எழுதும்போது அவருக்கு வேடர்தான் லூக்கின் அப்பா என்று தெரியாது. லூகாஸ் 1978லேயே திரைக்கதை வரைவில் அதை எழுதிவிட்டார். ஆனால் பரம ரகசியம். படப்பிடிப்பில் வேடர் உடைக்குள் நின்ற டேவிட் ப்ரௌஸுக்கே பொய் வசனம்தான் கொடுத்தார்கள். ஆக 1979ன் வேடர் தேடுவது ஒரு விமானியின் பெயரை. அவருக்கு அது ஒரு எதிரி, அவ்வளவே.

1980 மே மாதம் 'எம்பயர்' படம் வந்தது. தொடக்க எழுத்துக்களிலேயே வேடர் ஸ்கைவாக்கர் பையனைத் தேடி அலைகிறார். அப்படியானால் வாலன்ஸ் செத்தது தண்டம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ரகசியத்தைச் சில மாதம் தள்ளிப் போட்டான். போர்க்காலத்தில் சில மாதம் என்பது சின்ன விஷயமா?

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மார்வெல் தொடர் 107வது இதழோடு 1986ல் நின்றது. 1991ல் டார்க் ஹார்ஸ் கம்பெனி 'டார்க் எம்பயர்' கொண்டுவந்தது. அதற்குள் சிக்கல்கள் ஏகத்துக்கும் சேர்ந்துவிட்டன. போபா ஃபெட் ஒருத்தர் போதும் சாட்சிக்கு: சார்லாக் வயிற்றிலிருந்து 1984ல் 81வது இதழில் ஒரு தடவை வெளியே வந்து மறுபடி உள்ளேயே விழுந்தார். டார்க் எம்பயரில் இன்னொரு தடவை வந்தார். 2021ல் டிவி தொடரில் மூன்றாவது தடவை. பாவம் அந்தப் பிராணி, எத்தனை தடவைதான் துப்பும்?

2000ல் லூகாஸ்ஃபிலிமில் லீலேண்ட் சீ என்பவர் 'ஹோலோக்ரான்' என்ற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு தரம். ஜி என்றால் ஜார்ஜ் சொன்னது, மாற்ற முடியாது. சி என்றால் பொதுவான தொடர்ச்சி. பழைய மார்வெல் காமிக்ஸ் எஸ், அதாவது செகண்டரி. தேவைப்பட்டால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் கண்டுகொள்ளாதே. வாலன்ஸின் சாவுக்கு இப்படி ஒரு காலம்! 2014 ஏப்ரல் 25 அன்று அந்தத் தகராறும் ஓய்ந்தது. டிஸ்னி கைக்கு வந்த லூகாஸ்ஃபிலிம் பழைய நாவல், காமிக்ஸ் எல்லாவற்றையும் 'லெஜண்ட்ஸ்' என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டது.

2015ல் மார்வெல் மறுபடி ஸ்டார் வார்ஸ் போட ஆரம்பித்தபோது முதல் வேலையாக அதே இடைவெளிக்குள்தான் நுழைந்தார்கள். கீரன் கில்லன் எழுதி சல்வடோர் லரோக்கா வரைந்த 'டார்த் வேடர்' 6வது இதழில், போபா ஃபெட் அந்த விமானியின் பெயரைக் கொண்டுவந்து சொல்கிறார். ஸ்கைவாக்கர். வேடர் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. எதிரே இருக்கும் ஜன்னல் கண்ணாடி மட்டும் விரிசல் விடுகிறது.

கில்லனுக்கு முடிவு தெரியும், வாசகனுக்கும் தெரியும், அதனால்தான் அந்த விரிசல் அப்படி உறைக்கிறது. குட்வினுக்கு அந்த வசதி கிடையாது. இருந்தாலும் அந்தப் பெயருக்கு ஒரு உயிரின் விலை உண்டு என்பதை மனுஷன் 1979லேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இரண்டில் எது அதிகாரபூர்வம் என்று கேட்டால் 2015தான். எது நல்லது என்று கேட்டால், நான் 29வது இதழைத்தான் கையில் எடுப்பேன்.

2019ல் மார்வெல் ஒரே ஒரு இதழை மட்டும் பழைய எண் வரிசையில் வெளியிட்டது. 107க்கு அடுத்த 108, முப்பத்து மூன்று வருஷம் தாமதமாக. லெஜண்ட்ஸ் கணக்கில்தான் வரும். அதில் வாலன்ஸ் இருக்கிறான். பச்சை முயலும் இருக்கிறது.