ஒரு பெயரெச்சம், இரு பணிகள்

வட சிலாங்கூர்த் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் வாழும் புக்கிட் செந்தோசாவில், ஒரு தமிழ் மாணவர் பள்ளியில் மும்மொழி பயில்கிறார். ஓர் இலக்கண வேறுபாட்டை அம்மொழிகள் மூவகையாகக் கையாள்கின்றன. ‘நிர்வாகம் அறிவித்த செய்தி’, ‘தோட்டத்தை விற்ற செய்தி’ என்னும் இரண்டையும் நோக்குவோம். முன்னது எந்தச் செய்தி எனச் சுட்டுகிறது. பின்னது செய்தி யாது என உரைக்கிறது. ஆங்கில இலக்கணத்தார் முன்னதன் அடையைத் தொடர்புச் சார்புத்தொடர் என்றும், பின்னதன் அடையைப் பெயர்ச் சார்புத்தொடர் என்றும் பிரிப்பர்; ஆயினும் இரண்டிடத்தும் ‘தட்’ என்னும் ஒரே சொல் வரக்கூடும். மலாய் முன்னதற்கு ‘யாங்’, பின்னதற்கு ‘பஹாவா’ என வேறு சொற்களை வழங்கும். தமிழோ இரண்டிற்கும் பெயரெச்சத்தையே ஆளும்.

இதுகொண்டு தமிழில் இவ்வேறுபாடே இல்லை எனக் கருதுதல் பொருந்தாது. தொல்காப்பியர் வினையியலில், பெயரெச்சம் கொள்ளும் பெயர்களை நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாக வகுத்தார். தோட்டத் தொழிலைக் கொண்டே இவற்றை விளக்கலாம்: சீவும் காடு, சீவும் மரம், சீவும் வேளை, சீவும் கத்தி, சீவும் பெண், சீவும் சீவல். முதல் ஐந்தும் செயலில் பங்குகொள்வன, ஆறாவது அச்செயலே. நன்னூலாரும் 13ஆம் நூற்றாண்டில் அறுபொருள் என்றே வகுத்தார். ‘மரம் சீவிய கூலி’ என்பதில் கூலி இவ்வாறனுள் நேரே அடங்காது. இத்தகைய பெயர்களையும் உரையாசிரியர்கள் எடுத்து ஆராய்ந்துள்ளனர். ஆகவே பெயரெச்சத்தின் பரப்பு பெரிதென்பதை நம் மரபு அறிந்திருந்தது.

1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல், வடமொழியின் தொடர்புப் பெயர்களுக்கு ஈடாகத் திராவிட மொழிகள் இவ்வெச்சத்தை ஆள்வதைக் காட்டினார். ஆங்கில நூல்களில் இதற்கு வழங்கிய ‘தொடர்பு எச்சம்’ என்னும் பொருளுடைய பெயர், ஒரு பணியை மட்டும் முன்னிறுத்தியது. மற்றொரு பணி மறைந்து நின்றது. சப்பானிய மொழியிலும் ஒரே அமைப்பு இவ்விரு பணிகளையும் செய்வதை யோஷிகோ மத்சுமோதோ 1997இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

பணிகளைப் பிரித்தறியத் தமிழிலேயே இரு சோதனைகள் உள. முதலாவது, பெயரை எச்சத்தொடருக்குள் மீட்டு வைத்தல். ‘நிர்வாகம் செய்தியை அறிவித்தது’ என அமையும். ‘தோட்டத்தை விற்ற’ என்பதிலோ செய்திக்கு இடமில்லை. விற்றதும் செய்தியன்று, விற்கப்பட்டதும் செய்தியன்று. இரண்டாவது, ‘என்னும்’ சேர்த்தல். ‘தோட்டத்தை விற்றனர் என்னும் செய்தி’ என்பதில் பொருள் மாறாது. ‘நிர்வாகம் அறிவித்தது என்னும் செய்தி’ என்றாலோ, அறிவித்த செயலே செய்தியாகிவிடும். மலாயின் ‘பஹாவா’ செய்யும் பணியை இங்கு ‘என்னும்’ செய்கிறது.

‘என்னும்’ ஏற்கும் இடத்தில் ஆங்கிலத்தின் ‘தட்’டை ‘விச்’ எனமாற்றுதல் பிழை. மாணவர் அங்ஙனம் எழுதுங்கால், தாய்மொழியே தடையென்று அவருக்குச் சொல்லுதல் தகாது. முதலில் அத்தொடரைத் தமிழில் அமைத்து இவ்விரு சோதனைகளையும் செய்யப் பழக்குவதே ஆசிரியர்க்கு உரிய வழியாகும்.