நான்கு வால்வுகளும் ஒரு கேள்வியும்



வாகனம் வாங்கப் போகும் ஒருவரிடம் "ட்வின் கேம், பதினாறு வால்வு" என்று சொல்லிவிட்டால் போதும், விலை கொஞ்சம் கூடினாலும் தலையாட்டி விடுகிறோம். ஏன் பதினாறு, எட்டு இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். இது ரேஸ் கார்களின் கதை. ஆனால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் இதில் நமக்கு விஷயம் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அடிப்படை. பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் மேலே மூடி போலப் பூட்டியிருப்பதுதான் சிலிண்டர் ஹெட். காற்றும் பெற்றோலும் உள்ளே வருவதும், எரிந்த புகை வெளியே போவதும் அதிலுள்ள வால்வுகள் வழியாகத்தான். மனிதனுக்கு மூக்கும் தொண்டையும் எப்படியோ, எஞ்சினுக்கு ஹெட் அப்படி. எவ்வளவு பெரிய நெஞ்சு இருந்தாலும் மூக்கு அடைத்திருந்தால் ஓட முடியாது அல்லவா?

நூறு வருடங்களுக்கு முன்பு ரேஸ் கார் கட்டியவர்களில் பலர் நெஞ்சைத்தான் பெரிதாக்கினார்கள். 1912ஆம் ஆண்டு பிரான்ஸின் தியெப் நகரில் நடந்த கிராண்ட் பிரீ போட்டிக்கு இத்தாலியின் பியட் கம்பனி கொண்டு வந்த காரின் எஞ்சின் 14 லீற்றருக்கும் மேல். இன்று நம் வீதியில் ஓடும் ஒரு சாதாரண காரின் எஞ்சினைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு! அதற்கு எதிராக பேஜோ கம்பனி நிறுத்திய கார் 7.6 லீற்றர் மட்டுமே. இரண்டு நாட்களில் சுமார் 1,540 கிலோமீற்றர் ஓடிய அந்தப் போட்டியில் வென்றது சின்ன எஞ்சின்தான். ஓட்டியவர் ஜோர்ஜ் புவாலோ. பியட் இரண்டாம் இடம்.

பேஜோவின் ஹெட்டில் என்ன இருந்தது? சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வுகள். இரண்டு காற்று உள்ளே வர, இரண்டு புகை வெளியே போக. அவற்றை நேரடியாக இயக்க மேலே இரண்டு கேம் ஷாப்ட்கள். இரண்டு பக்கமும் வால்வுகள் சாய்ந்து நிற்க, நடுவே கூரை போன்ற எரி அறை. இன்றைய கார் எஞ்சினின் ஹெட்டைத் திறந்து பார்த்தால் தெரியும் அமைப்பு அன்றே அங்கே இருந்தது.

இதை உருவாக்கியவர்கள் யார் என்பது இன்னும் சுவையானது. புவாலோ, ஜூல் கூ, சுக்கரெல்லி என்ற மூன்று ரேஸ் ஓட்டுநர்கள். அவர்களோடு ஏர்னஸ்ட் ஹென்றி என்ற சுவிஸ் நாட்டுப் படவரைஞர். கம்பனியின் பெரிய பொறியியலாளர்கள் இவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் "போலிகள்". யாருடைய பங்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் காரை ஓட்டிக் கை காய்த்தவர்களும் அதைத் தாளில் வரையத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததன் பலன் அது என்பதில் சந்தேகமில்லை. அடுத்த வருடமே ஜூல் கூ அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் போட்டியையும் பேஜோவில் வென்றார்.

சரி, நான்கு வால்வில் என்ன இலாபம்? சாதாரண தரப் பிள்ளையும் கணக்குப் பார்க்கலாம். வால்வு திறக்கும்போது காற்று நுழைவது அதன் விளிம்பைச் சுற்றியுள்ள இடைவெளியால். ஆகவே எண்ண வேண்டியது பரிதியை. 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு வால்வின் பரிதி ஏறத்தாழ 126 மில்லிமீற்றர். அதற்குப் பதில் 30 மில்லிமீற்றரில் இரண்டு வால்வு வைத்தால் மொத்தப் பரிதி ஏறத்தாழ 188. ஒன்றரை மடங்கு வாசல்! அதோடு சின்ன வால்வின் பாரமும் குறைவு. நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு ஒரு வினாடிக்கு 75 தடவை திறந்து மூட வேண்டும். பாரம் கூடினால் ஸ்ப்ரிங்கால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. வால்வு மிதக்கும், பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் முடிந்தது.

இவ்வளவு தெளிவான விஷயம் என்றால் உலகம் உடனே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை.

எல்லோரும் பேஜோவைப் பிரதி எடுத்தார்கள். கலிபோர்னியாவில் ஹரி மில்லரின் பட்டறைக்கு ஒரு பேஜோ எஞ்சின் திருத்த வேலைக்கு வந்தது. அதிலிருந்து கற்றுத்தான் அவர் தன் எஞ்சின்களைக் கட்டினார். ஆனால் 1920களில் அவரே சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்ற முறைக்குத் திரும்பினார். ஐரோப்பாவிலும் பலர் திரும்பினார்கள். அரைக்கோள வடிவ அறையில் இரண்டு பெரிய வால்வுகளை அகலச் சாய்த்து வைத்தால் வேலை எளிது, வாசலும் பெரிது. 1948இல் வந்த ஜகுவாரின் எக்ஸ்.கே. எஞ்சின் அந்த வழியின் அழகான உதாரணம். இரண்டு வால்வுகளுக்கும் இடையே 70 பாகை. ஹெட்டினூடாகக் காற்றோட்டத்தை அளந்து பார்ப்பதில் பேர் போன ஹரி வெஸ்லேக் அதில் கைவைத்திருந்தார். 1951 முதல் 1957 வரை லெ மான் 24 மணி நேரப் போட்டியை ஐந்து தடவை வென்ற எஞ்சின் அது. ஆகவே இரண்டு வால்வுக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் அகலச் சாய்ப்பதில் ஒரு குறை ஒளிந்திருந்தது. சாய்வு கூடக் கூட அறை ஆழமாகிறது. அமுக்கம் கூட்ட வேண்டுமென்றால் பிஸ்டனின் தலையை மேடாக்கி அந்தக் குழிக்குள் தள்ள வேண்டும். மிஞ்சும் இடம் தோடம்பழத் தோல் போல மெல்லியதாக வளைந்து கிடக்கும். அந்தத் தோலுக்குள் நெருப்பு மெதுவாகத்தான் பரவும். காற்றைக் குடித்தாயிற்று, ஒழுங்காக எரிக்கத் தெரியவில்லை. உண்டது செரிக்காத கதை.

இடையில் நான்கு வால்வை மறக்காதவர்களும் இருந்தார்கள். மில்லரின் பட்டறையிலிருந்து வளர்ந்த ஒபன்ஹவுசர் எஞ்சின் நான்கு வால்வோடு இண்டியானாபொலிஸில் 27 தடவை வென்றது, கடைசி வெற்றி 1976இல். அதன் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. வெடிப்பதற்கு ஹெட் கேஸ்கட்டே கிடையாது! ஜப்பானின் ஹொண்டாவும் மோட்டார் சைக்கிள் ரேஸில் நான்கு வால்வை நம்பியது. 1961இல் மான் தீவுப் போட்டியில் 125, 250 சிசி இரண்டிலும் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தது. ஆனால் ஹொண்டா தேடியது முக்கியமாகச் சுற்று வேகத்தை. எரிவதைப் பற்றிய கேள்வியைக் கடைசி வரை துரத்தியவர் இன்னொருவர்.

அவர் இங்கிலாந்தின் கீத் டக்வர்த். 1958இல் மைக் கோஸ்டினோடு சேர்ந்து, இருவர் பெயரையும் இணைத்து, கொஸ்வர்த் என்ற சின்னக் கம்பனியை ஆரம்பித்தவர். நான்கு வால்வு வைத்தால் வாசல் பெரிதாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கேட்டது வேறு. வாசல் ஏற்கனவே பெரிதாகிவிட்டது என்றால் வால்வுகளை ஏன் இன்னும் அகலமாகச் சாய்க்க வேண்டும்? பெரிய வால்வுக்கு இடம் தேடித்தானே சாய்த்தோம்? இப்போது அந்தத் தேவையே இல்லையே!

ஆகவே கோணத்தைக் குறைத்தார். அறை ஆழமில்லாத கூரையாக மாறியது. பிஸ்டனின் தலை ஏறத்தாழத் தட்டையானது. பிளக் நடுவில். காற்று வரும் துவாரம் செங்குத்துக்குக் கிட்ட நிமிர்ந்தது. அதனால் உள்ளே வரும் காற்று பீப்பாய் உருள்வது போலச் சுழன்று, பிளக் தீப்பொறி விட்டதும் வேகமாகவும் முழுமையாகவும் எரிந்தது. முதலில் 1.6 லீற்றர், நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் இதைச் செய்து பார்த்தார். 200 குதிரைவலுவுக்கும் மேல் வந்தது. பிறகு போர்ட் கம்பனி கொடுத்த 100,000 பவுணில் 3 லீற்றர், எட்டு சிலிண்டர் டி.எப்.வி. எஞ்சின் பிறந்தது. அதில் வால்வுகளுக்கு இடைப்பட்ட கோணம் 32 பாகை மட்டும். ஜகுவாரின் பாதிக்கும் குறைவு.

1967 ஜூன் 4, ஒல்லாந்தின் ஸாண்ட்வூர்ட் களம். பெராரியிடம் 12 சிலிண்டர், பி.ஆர்.எம். கம்பனியிடம் 16 சிலிண்டர். டி.எப்.வி. பூட்டிய லோட்டஸ் கார்கள் இரண்டு முதல் தடவையாக இறங்கின. முன்னால் ஓடிய கிரஹம் ஹில்லின் எஞ்சினில் கேம் ஷாப்டை இயக்கும் பற்சில்லு உடைந்தது. ஜிம் கிளார்க்கின் கார் வென்றது. அந்தப் பற்சில்லுக் கோளாறு பின்னரும் தொல்லை கொடுத்தது. அதிர்வை வாங்கிக்கொள்ளும் சின்ன முறுக்குக் கம்பிகளைப் பற்சில்லுக்குள் வைத்துத்தான் டக்வர்த் அதைத் தீர்த்தார். 1983 வரை அந்த எஞ்சின் 155 கிராண்ட் பிரீ போட்டிகளை வென்றது.

1912க்கும் 1967க்கும் இடையே 55 வருடங்கள். நான்கு வால்வின் உருவத்தை எல்லோரும் பார்த்தார்கள், எண்ணினார்கள், வரைந்தார்கள். "எதற்காக இப்படி" என்ற காரணத்தைப் பிடித்தவர்கள் மிகக் குறைவு. காரணம் தெரியாமல் எடுத்த பிரதி ஒரு இடத்துக்கு மேல் நகராது.

இது நமக்கு எங்கே தொடுகிறது? வீட்டு வாசலிலேயே தொடுகிறது. 1980களில் டொயோட்டா 4ஏ என்ற எஞ்சினை இரண்டு விதமாகச் செய்தது. இளைஞர்கள் ஆசைப்படும் ஸ்போர்ட்ஸ் வகையில் வால்வுக் கோணம் 50 பாகை. குடும்பக் கார்களுக்கான வகையில் சுமார் 22 பாகை. ஒடுக்கமான, அறை சுருங்கிய அந்த ஹெட்டின் நோக்கம் பெற்றோலைச் சிக்கனமாக எரிப்பது. நம் ஊரில் இன்னும் ஓடும் பழைய கொரோலாக்களில் பலவற்றில் இருப்பது அந்தக் குடும்பத்து ஹெட்தான். ரேஸ் களத்தில் வேகத்துக்காகக் கேட்ட ஒரு கேள்வி, பெற்றோல் வரிசையில் நின்ற நம் சட்டைப்பைக்கும் பதில் சொல்லியிருக்கிறது. அதே நேரம், ஹெட்டின் துவாரத்தைக் குடைந்து பெரிதாக்கினால் வேகம் தானாக வரும் என்று காசைக் கொட்டும் தம்பிமார் இன்றும் இருக்கிறார்கள். துவாரம் அளவுக்கு மிஞ்சினால் காற்றின் வேகம் குறையும், சாதாரண ஓட்டத்தில் இழுவையும் போய்விடும். எவ்வளவு விழுங்குகிறது என்பதோடு, விழுங்கியதை எப்படி எரிக்கிறது என்றும் பார்க்க வேண்டும் தம்பி.

ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான்கடிப்பு எஞ்சினின் படத்தை அச்சுப் போல வரைந்து முழுப் புள்ளி எடுக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய. "வால்வு ஏன் சேர் சாய்ந்து நிற்கிறது?" என்று கேட்கும் பிள்ளை எங்கோ ஒன்று. கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை என்று அந்தப் பிள்ளையை உட்கார வைத்துவிடக் கூடாது. கராஜுக்குப் போகிற பிள்ளையைப் "படிப்பு ஏறாதவன்" என்று ஊர் பேசும்போது, பேஜோவின் போலிகளை நினைத்துக் கொள்வோம். அந்தப் பிள்ளையின் கையில் ஒரு வேர்ணியர் அளவியையும், தாளில் வரையும் பழக்கத்தையும், ஏன் என்று கேட்கும் தைரியத்தையும் கொடுத்து அனுப்புவது நம் பொறுப்பு. மீதியை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

ஹெட் வேலை செய்யும் பாஸ்மார் இந்தப் பதிவை வாசித்தால், உங்கள் கைக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். எங்கள் மாணவர்கள் வாசிப்பார்கள்.

வஸ்ஸலாம்.